கொஞ்ச நேரம் சும்மா இருக்க

வாசகர் கேள்வி – பதில்

தனியாக, அமைதியாக, கையில் எதுவும் இல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார ஆசைப்பட்டு, அது முடியாமல் போனவர்களின் கடிதங்கள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்; பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் தருகிறோம்.

கோவையிலிருந்து: ஐ.டி. வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறேன். தினமும் அரை மணி நேரம் அமைதியாக உட்காரலாம் என்று ஆரம்பித்தேன். இரண்டு நிமிடத்தில் கை தானாகப் போனுக்குப் போகிறது. நாலாவது நாளே விட்டுவிட்டேன். என் மனசு மட்டும்தான் இப்படியா?

உங்கள் மனசு மட்டும் இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டிமோதி வில்சன் என்ற உளவியலாளரும் குழுவினரும் செய்த ஓர் ஆய்வு 2014ல் வெளிவந்தது. ஆட்களைத் தனி அறையில் 15 நிமிடம் சும்மா உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் மின் அதிர்ச்சி. அந்த அதிர்ச்சியை முன்பே ஒருமுறை அனுபவித்து, "காசு கொடுத்தாவது இதைத் தவிர்ப்பேன்" என்று சொன்னவர்களின் கணக்கு இது: 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் அந்த 15 நிமிடத்துக்குள் தாங்களே பொத்தானை அழுத்தினார்கள். சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டம். உங்கள் கை போனுக்குப் போனதில் ஆச்சரியமே இல்லை.

தவறு அரை மணி நேரத்தில் இருக்கிறது. 10 நிமிடத்தில் ஆரம்பியுங்கள். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பு செய்யுங்கள்; திறந்துவிட்டால் அன்றைய நாள் உங்கள் கையில் இருக்காது. போனை அணைத்து வேறு அறையில், முடிந்தால் பீரோவுக்குள் வையுங்கள். சைலன்டில் போட்டு எதிரிலேயே வைத்தால், 'ஏதாவது வந்திருக்குமோ' என்று பார்க்கத் தோன்றிக்கொண்டே இருக்கும். நேரம் பார்க்கவும் போன் வேண்டாம். சமையலறை டைமரோ பழைய அலாரம் கடிகாரமோ போதும். அதையும் முதுகுக்குப் பின்னால் வையுங்கள். கண்ணில் பட்டால் நிமிடத்துக்கு நாலு தடவை மணி பார்ப்பீர்கள்.

உட்காருவதற்குச் சாதாரண டைனிங் நாற்காலி போதும். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். சோஃபா வேண்டாம், முதுகு குழைந்து தூக்கம் வரும். தரையில்தான் உட்காருவேன் என்றால் போர்வையை நாலு விரல் உயரத்துக்கு மடித்து இடுப்புக்கு அடியில் வையுங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்தே நிமிடத்தில் இடுப்பு வலிக்கும், நீங்கள் மனசைப் பழி சொல்வீர்கள். பத்மாசனம் வராதவர்கள் அதற்கு மெனக்கெட வேண்டாம். கண்ணை மூடினால் சொக்குகிறது என்றால் பாதி திறந்து, நாலைந்து அடி தள்ளித் தரையைப் பாருங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.

பிறகு என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். முதல் சில நிமிடங்கள் உடம்பு பேசும்: மூக்கு அரிக்கும், கழுத்து இறுகும். அடுத்து பாக்கி வேலைகள் வரிசையாக வரும்: ஈ.பி. பில், பதில் போடாத மெயில், கேஸ் புக்கிங். மடியில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு, வருவதை ஒரே ஒரு வார்த்தையாகக் குறியுங்கள். 'பில்' என்று எழுதினால் போதும், வாக்கியம் எழுத ஆரம்பித்தால் அதுவே வேலையாகிவிடும். குறித்துவிட்டால் 'மறந்துபோகுமோ' என்று மனசு திரும்பத் திரும்ப அதையே எடுத்துக்கொடுக்காது. அதற்கும் பிறகு ஒரு கட்டம் வரும்: காரணமே இல்லாமல் 'எழுந்துவிடலாம்' என்று உடம்பே கிளம்பும். பெரும்பாலானவர்கள் எழுந்துபோவது இந்த இடத்தில்தான். அதை அடக்க வேண்டாம், அதற்குக் கீழ்ப்படியவும் வேண்டாம். கை மடியில் கிடக்கட்டும். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அது தணிந்துவிடும். மணி அடிக்கும் முன் எழுந்திருப்பதில்லை என்ற ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் நேராக போனுக்குப் போகாமல், தண்ணீர் குடித்து ஜன்னல் பக்கம் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

இரண்டு வாரம் 10 நிமிடம், பிறகு 15. வேலைக்குப் போகிறவர்களுக்கு 20 நிமிடம் தாராளம். நன்றாக அமைந்த ஒரு நாளை நம்பி மறுநாளே அரை மணிக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம் விட்டுப்போகிறார்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் சேர்த்து உட்காராதீர்கள். வழக்கமான 10 நிமிடமே போதும்.

மதுரையிலிருந்து: இரண்டு ரூம் வீடு. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். பூட்டிக்கொள்ள எனக்கென்று ஒரு கதவு கிடையாது. கொஞ்சம் தனியாக உட்கார்ந்தாலே "என்னாச்சு, யார் மேல கோபம்?" என்கிறார்கள். விடியற்காலையில் எழுந்து செய்யுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏற்கெனவே 4.45க்கு எழுந்திருக்கிறேன் அம்மா.

விடியற்காலை வேண்டவே வேண்டாம். தூக்கத்தை வெட்டி எடுத்த நேரத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே தூங்குவீர்கள். இந்த ஆலோசனை, முன்னிரவில் தூங்கப் போக முடிகிறவர்களுக்குச் சொல்லப்பட்டது. பாத்திரம் கழுவி அடுப்பு மேடை துடைத்துப் பத்தரைக்குப் படுக்கிறவருக்கு அது பொருந்தாது.

பிள்ளைகள் பள்ளிக்கும் கணவர் வேலைக்கும் போன பிறகு, துணி ஊறவைத்து அலசப் போகும் முன் ஓர் இடைவெளி இருக்கும். அதில் 15 நிமிடம் எடுங்கள். வீட்டில் 'தியானம்', 'தனிமை' என்றெல்லாம் அறிவிக்க வேண்டாம். "அத்தை, ஒம்பது மணிக்கு மாடியில கொஞ்சம் இருப்பேன், ஒம்பதேகாலுக்கு வந்துடுவேன்" என்று முதல் நாளே சாதாரணமாகச் சொல்லுங்கள். முக்கியமான விஷயம், சொன்ன மணிக்குத் திரும்பி வருவது. நாலைந்து நாள் சரியாக 9.15க்கு வந்து நின்றால் "யார் மேல கோபம்" என்ற கேள்வி தானாக நிற்கும். வீட்டாருக்கு நீங்கள் போவதில் பிரச்சினை இல்லை, எப்போது வருவீர்கள் என்று தெரியாததில்தான்.

போகும் முன் பாருங்கள்: அடுப்பில் பால் இருக்கக் கூடாது, மாமியாரின் மாத்திரையும் காபியும் கொடுத்தாகிவிட்டதா, காலிங் பெல் அடித்தால் யார் திறப்பது. இந்த மூன்றில் ஒன்று பாக்கி இருந்தாலும் காது கீழேயே இருக்கும். மாடிக்குப் போகும்போது கையில் எதுவும் வேண்டாம். காய்ந்த துணியை மடித்தபடி உட்காரலாமே என்று தோன்றும். மடிக்க ஆரம்பித்தால் 'இந்தச் சட்டையில் கறை போகலையே' என்றுதான் மனசு போகும். பக்கத்து மொட்டை மாடிக்கு முதுகு காட்டி, தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்காருங்கள். முகம் தெரிந்தால் பேச்சு வந்துவிடும். சித்திரை, வைகாசியில் ஒன்பது மணிக்கே மாடி கொதிக்கும். அந்த மாதங்களில் மாலை ஆறுக்கு மேல் மாற்றிக்கொள்ளுங்கள்.

மாடி கிடைக்காத நாளில் கைவேலை உதவும். பூ கட்டுவது, கீரை ஆய்வது, மொச்சை உரிப்பது: விரல்களுக்குத் தானாகத் தெரிந்த வேலைகள், மனசைக் கேட்காதவை. டி.வி. மட்டும் அணைந்திருக்க வேண்டும். கால் கிலோ மல்லிகையைக் கட்டி முடிப்பதற்குள் மனசுக்கு நல்ல ஓய்வு கிடைக்கும். அரிவாள்மனையில் காய் நறுக்குவது இதற்கு ஆகாது, அங்கே கவனம் கையில் இருந்தாக வேண்டும்.

வெளியே போக முடிந்தால், மதுரையில் புது நத்தம் சாலையில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. வார நாள் காலையில் போங்கள். ஒரு பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டால் போதும், தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கோயில் என்றால் பெரிய கோயிலைவிடத் தெருக்கோடிச் சின்னக் கோயில் நல்லது. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். மாலை நடை திறந்தவுடன் கூட்டம் சேரும் முன் போங்கள். வெள்ளிக்கிழமையும் பிரதோஷமும் ஒத்துவராது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பிள்ளைகளைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். இதைச் சலுகையாகக் கேட்க வேண்டாம். காலண்டரில் அந்தக் கட்டத்தில் எழுதிவிடுங்கள். இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது: நீங்கள் மாடியில் இருக்கும் அந்த 15 நிமிடம், உங்கள் மாமியாருக்கும் வீடு அமைதியாகக் கிடைக்கும் நேரம். அவருக்கும் அது தேவைப்பட்டிருக்கலாம்.

நாகர்கோவிலிலிருந்து: மெல்லிசாக வீணை இசை போட்டுக்கொண்டு உட்காரலாமா?

இசை கேட்க வேண்டுமானால் இசையையே முழுக் கவனத்தோடு கேளுங்கள், அது வேறு நல்ல பழக்கம். இந்த 10 நிமிடத்துக்கு வேண்டாம். காதுக்கு ஒன்று கொடுத்தால் மனசு அதைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே என்ன ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. தெருச் சத்தம், காக்கை, மிக்ஸி எல்லாம் இருக்கட்டும். அவற்றை நிறுத்த வேண்டியதில்லை.

சேலத்திலிருந்து: பாகப்பிரிவினையில் தம்பி பேசிய பேச்சு மூன்று வருஷமாக மனசில் இருக்கிறது. தனியாக உட்கார்ந்தாலே அவன் சொன்னதும், நான் சொல்லியிருக்க வேண்டியதும் சுற்றிச் சுற்றி வருகிறது. இதற்குத் தனிமையே இல்லாமல் இருந்துவிடலாம் போலிருக்கிறது.

உங்களுக்கு முதலில் சும்மா உட்காருவது வேண்டாம், காகிதம் வேண்டும். மனசுக்குள்ளேயே யோசித்தால் ஒரே வாக்கியம் நூறு முறை வரும், ஒவ்வொரு முறையும் புதிதாகத் தோன்றும். எழுதும்போது இரண்டாவது முறையே 'இதை மேலே எழுதிவிட்டோமே' என்று கண்ணுக்குத் தெரியும்.

கோடு போட்ட நோட்டு, பேனா, 15 நிமிடம். பகலில் எழுதுங்கள். இரவு எட்டுக்கு மேல் எழுதினால் அதே பேச்சோடு படுக்கைக்குப் போவீர்கள். முதலில் நடந்ததை மட்டும் ஐந்தாறு வரி: அன்று அறையில் இருந்த மூன்றாம் மனிதர் பார்த்திருக்கக்கூடியவை மட்டும். 'அவன் என்னை மதிக்கவில்லை' என்பது அதில் வராது. 'நான் பேசும்போது எழுந்து வெளியே போனான்' என்பது வரும். அடுத்து, உங்களுக்கு எப்படி இருந்தது என்பதைத் தடையில்லாமல் எழுதுங்கள். கடைசியாக, இந்த வாரம் உங்கள் கையில் இருக்கிற ஒரு காரியம்.

கேள்வியையும் மாற்றிக்கொள்ளுங்கள். 'ஏன் அப்படிப் பேசினான்?' என்பதற்குப் பதில் உங்கள் தம்பியிடம்தான் இருக்கிறது. அது உங்களிடம் இல்லாததால்தான் மனசு செக்குமாடாகச் சுற்றுகிறது. 'இப்போது எனக்கு என்ன வேண்டும்: பங்கா, மன்னிப்பா, பொங்கலுக்கு அவன் வீட்டுக்கு வருவதா?' என்று எழுதிப் பாருங்கள். இதற்கு உங்களால் பதில் சொல்ல முடியும். எழுதுவது திணறினால் 'நான்' என்பதை விட்டு உங்கள் பெயரைப் போட்டு, வேறொரு பெண்ணைப் பற்றி எழுதுவதுபோல எழுதுங்கள். கொஞ்சம் தூரம் கிடைக்கும்.

ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களை மிகவும் பாதித்த விஷயத்தைத் தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள் எழுதினார்கள். நடந்ததையும் அது தந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்தவுடன் மனசு கனமாகவே இருந்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. உங்களுக்கும் எழுதி முடித்த முதல் ஒரு மணி நேரம் பாரமாக இருக்கலாம். அந்த நேரத்தில் தம்பிக்குப் போன் செய்யாதீர்கள், வாட்ஸ்அப்பும் வேண்டாம். வாசல் பெருக்குங்கள், கடைக்கு நடந்துபோய் வாருங்கள்.

நோட்டை யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் எழுத்தில் பாதி பொய்யாகிவிடும். எழுதிய தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிடுங்கள். பலன் எழுதுவதில் இருக்கிறது, வைத்திருப்பதில் இல்லை. 4 நாளோடு நிறுத்துங்கள். ஒரே வரி மூன்றாவது முறை வந்தால் 15 நிமிடம் ஆகாவிட்டாலும் எழுந்துவிடுங்கள். இதற்குப் பிறகு, ஒரு வாரம் கழித்து, 5 நிமிடம் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம்.

திருச்சியிலிருந்து: ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளைகள் வெளிநாட்டில். தனிமை எவ்வளவு நல்லது என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எனக்கு அது வேண்டிய மட்டும் இருக்கிறது. நாள் முழுக்க டி.வி. ஓடுகிறது.

ஐயா, மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு இல்லை. வேண்டும் என்று எடுத்துக்கொள்கிற தனிமை வேறு, வந்து சேர்ந்த தனிமை வேறு. முதலாவது, மனிதர்களிடம் திரும்பிப் போக முடிகிறவர்களுக்குத்தான் நல்லது. உங்களுக்கு வரிசை தலைகீழ்: முதலில் ஆட்கள், பிறகு அமைதி.

தினமும் நேரில் ஒருவரிடமாவது பத்து நிமிடம் பேசும்படி நாளை அமையுங்கள். ஒரே நேரத்தில் ஒரே டீக்கடை, ஒரே பூங்கா என்று போனால் ஒரு மாதத்தில் முகங்கள் பழகும். இடத்தை மாற்றி மாற்றிப் போனால் பழகாது. பிள்ளைகளின் போன் கிழமையும் மணியும் குறித்ததாக இருக்கட்டும். 'எப்ப வேணா கூப்பிடுப்பா' என்று விட்டால் நாள் முழுக்கக் காத்திருப்பீர்கள். டி.வி.யை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். சாப்பிடும் நேரம் மட்டும் அணைத்துப் பாருங்கள். அந்த அமைதி தாங்க முடிவதாக ஆனபின், மாலை நடைக்குப் பிறகு 10 நிமிடம் உட்காரலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பசியில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே 14416க்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் சேவை அது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது.

சென்னையிலிருந்து: 26 வயது. பத்து நாள் மௌன முகாமுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். ஒரே அடியில் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது தம்பி, ஆனால் போவது நல்ல அனுபவம்தான். எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியர் வகுத்த வழியில் விபாசனா தியான முகாம் சென்னையை ஒட்டிய திருமுடிவாக்கத்தில், தம்ம சேது மையத்தில் நடக்கிறது. காலை 4 மணிக்கு மணி அடிக்கும், இரவு 9.30க்கு விளக்கணைப்பு. நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். போன், புத்தகம், பேனா எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும். 11 மணிக்கு மதிய உணவு. மாலை 5க்குப் புதியவர்களுக்கு டீயும் ஏதாவது லேசாகச் சாப்பிடவும் கிடைக்கும், இரவுச் சாப்பாடு கிடையாது. முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிப்பது, நாலாவது நாளில்தான் விபாசனா, அதாவது உடம்பில் எழும் உணர்ச்சிகளைக் கவனிப்பது. பத்தாம் நாள் மௌனம் கலையும், பதினோராம் நாள் காலை கிளம்பலாம். கட்டணம் இல்லை, முடித்தவர்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. ஆபீஸில் 12 நாள் லீவு சொல்லுங்கள், முடித்த மறுநாளே மீட்டிங்கில் உட்கார முடியாது.

முழங்கால் வலியும் "ஓடிவிடலாம்" என்ற எண்ணமும் பெரும்பாலும் இரண்டாம் நாளே வரும். ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 20 நிமிடம் தரையில் உட்கார்ந்து பழகுங்கள், இரவுச் சாப்பாட்டைக் குறையுங்கள். மனநோய்க்கு மருந்து எடுத்தாலோ முன்பு எடுத்திருந்தாலோ விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். முகாமுக்காக மருந்தை நிறுத்தவே கூடாது. நீண்ட மௌனம் சிலருக்கு நோயைக் கிளறிவிடும், அதனால்தான் கேட்கிறார்கள்.

பத்து நாள் பெரிது என்று தோன்றினால் திருவண்ணாமலையில் இரண்டு நாள் இருந்து பாருங்கள். 1896ல் 16 வயதில் அங்கே வந்த ரமணர் விரூபாட்சி குகையில் நெடுங்காலம் தங்கி, 1916ல் கந்தாசிரமத்துக்கு மாறினார். ரமணாசிரமத்தின் பின்பக்கத்திலிருந்து கந்தாசிரமத்துக்குக் கல் பதித்த பாதை இருக்கிறது. குகையிலும் கந்தாசிரமத்திலும் யாரும் எதுவும் சொல்லித்தர மாட்டார்கள், நீங்களாக உட்கார வேண்டியதுதான். ஆசிரமத்தில் தங்க முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். பௌர்ணமியை ஒட்டிப் போகாதீர்கள், கிரிவலக் கூட்டத்தில் ஊரே நிரம்பி வழியும்.

எங்கே போய்வந்தாலும், திரும்பிய அன்றே வீட்டில் அந்த 10 நிமிடத்தைத் தொடங்கிவிடுங்கள். அப்போது தொடங்காதவர்களிடம் மூன்று வாரத்தில் அதன் பலன் எதுவும் மிஞ்சுவதில்லை.

தஞ்சாவூரிலிருந்து: 11 வயது மகன் "போரடிக்குது" என்று நிமிடத்துக்கு ஒருமுறை சொல்கிறான். அவனையும் அமைதியாக உட்காரவைக்கலாமா?

உட்காரவைக்காதீர்கள். தண்டனையாக "அந்த மூலையில் போய் உட்கார்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அமைதியே தண்டனையாகிவிடும். 'போரடிக்குது' என்றதும் போனையோ வேறு வேலையையோ கையில் கொடுக்காமல், "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். முதலில் சிணுங்குவான், சோஃபாவில் தலைகீழாகப் படுப்பான், ஃபிரிட்ஜைத் திறந்து மூடுவான். கால் மணி, அரை மணியில் தானாக எதையாவது தொடங்குவான்: பழைய பேட்டரி, அட்டைப்பெட்டி, சுவரில் பந்தடிப்பது. அப்போது கூப்பிட்டு "என்ன பண்ற?" என்று கேட்காதீர்கள்.